இன்வெர்ட்டருக்குத் தைத்த வெல்வெட் சட்டை: பீர்க்கன்கரணை முதல் பிச்சாவரம் வரை

போகிக்கு முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் வண்டியை இறக்குகிறவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையே எங்களைப் பற்றியும் நினைத்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை. ஊரே ஊருக்குப் போகிற அந்த நாளில்தான் பீர்க்கன்கரணையிலிருந்து பிச்சாவரத்துக்குக் கிளம்பினோம். ஒரு வழிக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. போனது ஒரு பழைய பள்ளிக்கூட வேனில்.

போன முறை மாடம்பாக்கம் கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் போய் வந்ததை எழுதியிருந்தேன். 'அக்கா, இன்னும் கொஞ்சம் தூரமாகப் போய் எழுதுங்கள்' என்று ஒரு புண்ணியவான் கமெண்ட் போட்டிருந்தார். போகக் கூடாது என்று இல்லை, தம்பி. போக முடியவில்லை. அதற்கான காரணத்தின் பெயர் தேவராஜ். என் வீட்டுக்காரர்.

அவர் டெய்லர். பெருங்களத்தூரில் சின்ன கடை. முப்பது வருஷமாகத் துணித் தூசியைச் சுவாசித்து வீசிங் வந்துவிட்டது. காலையும் சாயங்காலமும் நெபுலைசர் மெஷினில் மருந்து ஊற்றி, மாஸ்க் வழியாகப் பதினைந்து நிமிஷம் இழுக்க வேண்டும். அவசரத்துக்கு வாயில் வைத்து இழுக்கிற ஒரு நீல பம்ப் பாக்கெட்டில். நாலு வருஷமாக அந்த மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர், அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் நான். மெஷினுக்குப் பிளக் வேண்டும், பிளக்குக்குச் சுவர் வேண்டும். ஆகவே வீடு.

போகி வந்தால் இன்னும் கஷ்டம். விடிவதற்குள் தெருவுக்குத் தெரு பாயும் டயரும் எரியும். போன போகிக்கு அவரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை புகை வருவதற்கு முன்னால் ஊரை விட்டே ஓடிவிடுவது என்று முடிவு செய்தேன். மனுஷன் ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டுக் கடைசியில் ஒரு கண்டிஷன் போட்டார்.

"ஒரே ஒரு வாட்டி வரேன். நடு வழில மூச்சு வாங்கிச்சுன்னு வெய்யி, அதோட முடிஞ்சுது. அப்பால என்னிய எங்கியும் கூப்புடக் கூடாது. இன்னா?"

"சரிய்யா" என்றேன். எனக்கு ஐம்பத்தொரு வயசு. இன்னும் ராமேஸ்வரம் பார்க்கவில்லை, குற்றாலம் பார்க்கவில்லை. இந்த ஒரு பயணம் சொதப்பினால் மிச்ச வாழ்க்கைக்கு எனக்கு மாடம்பாக்கமும் ஷேர் ஆட்டோவும்தான்.

வேன் ஃபரிதா அக்காவுடையது. அக்காவும் அவர் வீட்டுக்காரர் பஷீர் பாயும் மேற்குத் தாம்பரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் எதிர்வீடு. அறுபதைத் தொடப்போகிற வயசில் அக்காவுக்கு வந்த ஆசை, வீடு மாதிரி ஒரு வண்டி. ஏலத்தில் ஒரு பள்ளிக்கூட வேனை எடுத்து, ஆர்டிஓ ஆபீசுக்கு நடையாய் நடந்து முறைப்படி மாற்றி எழுதி வாங்கி, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு மேடை, தண்ணீர் கேன், விளக்கு எல்லாம் வைத்துவிட்டார். கதவுக்கு மேலே 'வரிசையில் ஏறவும், தள்ளாதே' என்று எழுதியிருந்ததை மட்டும் அழிக்கவில்லை. "உனக்காகத்தான் விட்டு வெச்சேன்" என்றார் என்னிடம்.

ஓட்டுவதும் அவரேதான். பஷீர் பாய்க்கு லைசென்சும் இல்லை, தைரியமும் இல்லை. கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நழுவிவிட்டார்.

இப்போது இன்வெர்ட்டருக்கு வருகிறேன். இந்த மாதிரி பயணம் போக நினைக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் என்ன? கரண்ட் போனால் ஃபேனை ஓட்டுவது. ஷோகேஸ் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்பது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் வேனில் அக்கா காட்டியது ஒரு செங்கல் சைஸ் பெட்டி.

"இத்தனூண்டுக்குள்ள எவ்வளவு கரண்ட்டுக்கா இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு சொட்டு இருக்காது. வீட்டுல இருக்கறது பெட்டியும் பேட்டரியும் சேர்ந்தது, ரெண்டையும் சேத்து இன்வெர்ட்டர்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம். கரண்ட்டு இருக்கறது பேட்டரில. இது உன் வீட்டுக்காரர் மாதிரி, வசந்தி. பேட்டரி பன்னண்டு வோல்ட் துணியக் குடுக்கும். இது அத இருநூத்தி முப்பது வோல்ட் சட்டையா தெச்சுக் குடுக்கும். துணி தீந்துபோச்சுன்னா டெய்லர் என்ன பண்ணுவாரு?"

"டீ குடிக்கப் போவாரு" என்றேன்.

"அதேதான். இதுவும் நின்னுடும்."

அஞ்சாவது வரை படித்த என் மண்டையில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் அக்கா சொன்ன ஒவ்வொன்றும் புரிந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டி ராத்திரி முழுக்க ஓட்டினால், காலையில் ஃபேனும் ஓடாது, வண்டியும் கிளம்பாது. அதனால் அவர் தனியாக இன்னொரு பேட்டரி வைத்திருந்தார். லித்தியம், நூறு ஏஎச் கொள்ளளவு. வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறும், நின்ற பிறகு ஸ்டார்ட் பேட்டரியைத் தொடாது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ். ஒயர் என் சுண்டுவிரல் பருமன்.

"இவ்வளவு தடியா எதுக்குக்கா?"

"ஒல்லி ஒயர்ல அவ்வளவு கரண்ட்டு போனா சூடாயி உருகும். ஃபியூஸ தள்ளி வெச்சா, நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆனா யாரு காப்பாத்துவா? நானா?"

சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகுகிற குட்டி இன்வெர்ட்டரைப் பற்றியும் கேட்டேன். போன் சார்ஜுக்குச் சரி, அதற்கு மேல் அந்த ஓட்டை தாங்காது என்றார். இன்வெர்ட்டரில் விலை குறைந்த ரகம் ஒன்று உண்டாம், அது தருகிற கரண்ட்டு ஓரம் அடிக்காத துணி மாதிரி பிசிர் பிசிராக இருக்குமாம். பல்புக்குத் தெரியாது. நெபுலைசர் மாதிரி மோட்டார் உள்ள மெஷின் உறுமும், சூடாகும். அதனால் அக்கா போட்டது பிசிர் இல்லாத 'பியூர் சைன் வேவ்' ரகம், அறுநூறு வாட்ஸ். எங்கள் நெபுலைசரின் அடியில் நூற்றைம்பது வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. மோட்டார் கிளம்பும் நொடியில் அதைவிட நிறைய இழுக்கும், அதற்கும் இடம் விட்டுத்தான் வாங்கினேன் என்றார். பின் சீட்டுக்கு அடியில் இருந்த மரப் பெட்டிக்குள் அதை போல்ட் போட்டு முடுக்கி, பெட்டியின் இரண்டு பக்கமும் காற்றுக்கு ஓட்டை போட்டிருந்தார். சுவிட்ச் மட்டும் மேலே, மேடைக்குப் பக்கத்தில். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இவ்வளவையும் நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து எதையோ அளந்துகொண்டிருந்தார். நான் கண்டுகொள்ளவில்லை. அவர் எதையாவது அளக்காமல் இருந்தால்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்சிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, ரிமோட்டுக்குச் சட்டை. கல்யாணமான புதுசில் நான்தான் அவர் தைத்துப் போடும் கடைசிப் பொருள் என்று நினைத்தேன், அதற்கப்புறம்தான் வாஷிங் மெஷின் வந்தது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பெருங்களத்தூர் சிக்னலுக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது, இருபது நிமிஷம். பஸ் ஏற நிற்கிற கூட்டம் பாதி ரோட்டில். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, சூட்கேஸ், குழந்தை எல்லாம் ஒரே உயரத்துக்கு அடுக்கி வைத்த மாதிரி. வண்டி நின்ற இடத்தில் எனக்கு டீ நினைப்பு வந்தது. என் பையிலிருந்து எலெக்ட்ரிக் கெட்டிலை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார் அக்கா.

"அது என்னடி கையில?"

"ஒரு டம்ளர்தான்க்கா."

"அடில என்ன போட்டிருக்குன்னு படி."

"ஆயிரத்தி ஐநூறு வாட்ஸ்."

"என்னோடது அறுநூறு. பிளவுஸ் பிட்டுல புடவை தெக்கச் சொல்றியா? சூடு பண்ற சாமான் எதுவும் இந்த வண்டில கிடையாது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் ஒண்ணும் கிடையாது. உள்ள வெய்யி."

என் வீட்டுக்காரர் ரோட்டுப் புகைக்குப் போட்டிருந்த துணி மாஸ்க்குக்குள் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. டீயை வண்டலூருக்கு முன்னால் ஒரு கடையில் குடித்தோம். பதினைந்து ரூபாய். நன்றாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வண்டலூர் தாண்டும்போது நாலு மணி. கூடுவாஞ்சேரியை நெருங்கும்போது நாலே முக்கால். அதோடு ரோடு உறைந்துவிட்டது. எங்களுக்கு இடது பக்கம் ஒரு தனியார் பஸ், வலது பக்கம் வரிசையாகக் கார். பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு காலேஜ் பெண் எங்கள் ஜன்னலைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, உங்க வண்டில லைட் எரியுதே. போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட முடியுமா? அம்மா கால் பண்ணிக்கிட்டே இருக்காங்க, ரெண்டு பர்சன்ட்தான் இருக்கு."

பெருமை தாங்கவில்லை எனக்கு. "வாம்மா, வா" என்று கதவைத் திறந்தேன். என் தப்பு அதுதான். அவள் பின்னாலேயே அவள் சிநேகிதி. அப்புறம் ஒரு தாத்தா. அப்புறம் பக்கத்துக் காரிலிருந்து ஒரு ஐடி தம்பி லேப்டாப்போடு. "மீட்டிங் இருக்குக்கா, பேட்டரி அவுட்." 'வரிசையில் ஏறவும், தள்ளாதே' போர்டுக்கு அன்றுதான் மறுபடி வேலை வந்தது.

அக்கா ஸ்டியரிங்கில் இருந்தபடியே கணக்குப் போட்டார். "போனுக்கு இருபது, ஆறு போன் நூத்தி இருபது. லேப்டாப்பு அறுபத்தஞ்சு, ரெண்டுனா நூத்தி முப்பது. மொத்தம் இருநூத்தம்பது. போதும், இனிமே யாரும் சொருகக் கூடாது. தம்பி, அந்த மல்ட்டி பிளக்கு மேல இன்னொரு மல்ட்டி பிளக்கு மாட்டாத. யாருப்பா அது, பிளக்கு இல்லாம ஒயர நீட்டறது?"

ஐடி தம்பியின் நண்பன் ஒருவன். அறுந்த சார்ஜர் ஒயரைப் பல்லால் சீவி, வெறும் கம்பியை ஓட்டைக்குள் விட்டு, மேலே தீக்குச்சி சொருகத் தயாராக இருந்தான்.

"எங்க வூட்ல இப்படித்தான்க்கா போடுவோம்."

"உங்க வீட்டுல தரை நிக்குது. இது ஓடற வண்டி, சுத்தியும் இரும்பு. குச்சி நழுவி ஒயர் தகரத்துல பட்டா வண்டியே ஷாக்கு அடிக்கும். இறங்கு."

இறங்கிவிட்டான். நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மொத்த பஸ்ஸையும் மேய்த்துக்கொண்டு. பஷீர் பாய் ஏன் நழுவினார் என்றும் புரிந்தது.

ஏறியவர்கள் உள்ளேயே இருக்க, பஸ்ஸும் காரும் எங்களோடு ஊர்ந்து வர, மறைமலை நகர் தாண்டி மறுபடி நின்றபோது ஆறுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. முன்னால் நின்ற லாரி ஒரு உறுமு உறுமியது, கறுப்பாக ஒரு மேகம் நேராக எங்கள் கதவுக்குள் வந்தது. கதவைச் சாத்துவதற்குள் என் வீட்டுக்காரர் இரும ஆரம்பித்தார். இருமல் நின்றதும் அந்தச் சத்தம். வீசிங் உள்ளவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த விசில் தெரியும்.

"எல்லாரும் பிளக்கைக் கழட்டுங்க, இறங்குங்க!" என்று அக்கா கத்தினார். ஒரு நிமிஷத்தில் காலி. நான் மெஷினை மாட்டி, மருந்தை ஊற்றி, மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்தேன். டர்ர்ர் என்று ஓடியது. புகை மாதிரி மருந்து வந்தது. 'அப்பாடா' என்று உட்காரப் போனேன். பீ... என்று ஒரே நீளமான சத்தம். மேலே சுவிட்சில் சிவப்பு விளக்கு. மெஷின் நின்றது.

நீல பம்பை எடுத்து ரெண்டு இழுப்பு கொடுத்தேன். அது கொஞ்சம் தாங்கும். கொஞ்சம்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் அந்த ரோட்டில் பறந்துதான் வர வேண்டும்.

அக்கா பின்னால் தாவி வந்தார். முதலில் பேட்டரி மீட்டர். "பதிமூணு வோல்ட்டு இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு." பேட்டரி பக்கம் குனிந்து பார்த்தார். "ஃபியூஸ் நல்லா இருக்கு." சுவிட்சை அணைத்துப் போட்டார். மறுபடி பீ... "நூத்தம்பது வாட்ஸுக்கு இது நிக்கக் கூடாதே. லோடு இல்ல. அதுக்குள்ளயே ஃபேனு இருக்கு, ஓட்டை போட்டிருக்கேன், சூடும் ஆவாது. அப்பறம் என்னத்துக்குக் கத்துது?"

என் வீட்டுக்காரர் கையை நீட்டி சீட்டைக் காட்டினார். பேச வரவில்லை. நான் தலையணையைக் கொடுத்தேன். தள்ளிவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். தள்ளிவிட்டார். இரண்டு கையாலும் காற்றில் ஒரு பெட்டியை அளந்து காட்டினார், இத்தனை நீளம், இத்தனை அகலம். பிறகு உள்ளங்கையால் தன் மூக்கையும் வாயையும் சேர்த்து அழுத்தி மூடிக் காட்டினார்.

"அக்கா, மூச்சு நிக்குதுங்கறாரு!" என்று அலறினேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி சீட்டைக் காட்டினார், மறுபடி மூக்கைப் பொத்தினார். அப்புறம் சட்டைப் பாக்கெட்டிலிருந்து நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரியை எடுத்து என் கையில் திணித்தார்.

கத்தரியைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. "யோவ்" என்றேன். "தெச்சியா?"

தலையை ஆட்டினார்.

அக்கா சீட்டைத் தூக்கினார். உள்ளே இன்வெர்ட்டர் மெரூன் கலர் வெல்வெட் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் தங்க ஜரிகை. ஒயர் போக அளவான ஓட்டை, பிளக்குக்கு அளவான ஓட்டை, சுற்றிலும் எலாஸ்டிக். ஃபேன் இருக்கிற பக்கம் மட்டும் நல்ல கெட்டியாக, உள்ளே லைனிங் வைத்து, டபுள் தையல். காலையில் நாங்கள் சாமான் ஏற்றும்போது அக்காவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மாட்டிவிட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் பஸ் ஜனத்துக்கே சார்ஜ் கொடுத்த பெட்டி, மூக்கில் துணி வைத்து அழுத்தின மாதிரி உள்ளேயே வெந்திருக்கிறது. அக்கா தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். தோசைக் கல்.

கத்தரியால் எலாஸ்டிக்கை வெட்டி ஒரே இழுப்பில் உருவினேன்.

"தண்ணி ஊத்தட்டுமாக்கா?" என்று ஜன்னல் வழியாக ஒரு பாட்டில் நீண்டது. அந்த ஐடி தம்பி.

"கரண்ட்டு பெட்டில தண்ணி ஊத்துவியா? என்னப்பா படிச்ச நீ? விசிறு! விசிறு!"

அக்கா கடைக்காக அச்சடித்த தினசரி காலண்டர் அட்டை ஒரு கட்டு வண்டியில் இருந்தது, போகிற வழியில் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க. ஆளுக்கு ஒன்று எடுத்தோம். நான், காலேஜ் பெண், அவள் சிநேகிதி, தாத்தா, தண்ணீர் பாட்டில் தம்பி. ஐந்து பேர் ஒரு செங்கல் சைஸ் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தோம். எனக்கு யாரும் இப்படி விசிறியதில்லை. நடுவில் ஒரு முறை அவரைத் திரும்பிப் பார்த்தேன். குனிந்து முழங்காலில் கை ஊன்றி, உதட்டைக் குவித்து, டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி மெதுவாக ஊதி ஊதி மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். கண் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தது.

"உனக்கும் வீசிங், உன் மெஷினுக்கும் வீசிங். நல்ல ஜோடிய்யா" என்றேன். அழுகையை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. அந்த நிலையிலும் அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

பத்து நிமிஷம் இருக்கும். உள்ளே இருந்த ஃபேன் சத்தம் அடங்கியது. அக்கா கையை வைத்துப் பார்த்தார், "பிஸ்மில்லாஹ்" என்று சுவிட்சைப் போட்டார். பச்சை. டர்ர்ர்...

பஸ் ஜன்னலிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அதே நேரம் முன்னால் லாரியும் நகர்ந்தது. அக்கா வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, அவர் பதினைந்து நிமிஷம் இழுத்து முடிக்கும் வரை நகரவில்லை. மாஸ்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சில் அந்த விசில் சத்தம் குறைந்து, குறைந்து, நின்றது.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, பரனூர் டோலுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வண்டியை நிறுத்தினார். "டெய்லர் தம்பி, டோலுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. திரும்பறதுன்னா எதிர்ப்பக்கம் ரோடு காலியாத்தான் இருக்கு. முக்கா மணில வீடு."

கண்டிஷன் கண்டிஷன்தான். நடு வழியில் மூச்சு வாங்கிவிட்டது. ராமேஸ்வரத்துக்கும் குற்றாலத்துக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் மடியில் கிடந்த வெல்வெட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "அதுவே மூச்சு முட்டி நின்னுட்டு, காத்து பட்டதும் எழுந்துக்கிச்சு" என்றார். "நான் மட்டும் வூட்டுக்குப் போயி படுத்துக்கணுமா? நீங்க வண்டிய எடுங்கக்கா."

"கண்டிஷன் போட்டியேய்யா?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"மூச்சு வாங்குனது மெஷினு. எனுக்கு இன்னா?" என்றார்.

அன்று திண்டிவனம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டுக்கொண்டு ஓரமாக நிறுத்தினோம். படுக்கும் முன் அக்கா இன்ஜினை அணைத்தார், இன்வெர்ட்டரையும் அணைத்தார். ஃபேனுக்காக இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு தூங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். புகைக்குழாயிலிருந்து வருகிற விஷக் காற்றுக்கு வாசனை தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். காலையில் நெபுலைசர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. ஸ்டார்ட் பேட்டரி தனி என்பதால் வண்டியும் ஒரே சாவியில் கிளம்பியது. எங்கோ தூரத்தில் கொஞ்சம் போகிப் புகை, அவ்வளவுதான்.

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாகப் பதினொரு மணிக்குப் பிச்சாவரம். படகுக் கட்டணம் படகைப் பொறுத்து மாறும், கவுன்ட்டரில் போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். துடுப்புப் படகையே கேளுங்கள், மோட்டார் படகு அந்தச் சந்துகளுக்குள் போகாது. சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. வேர்கள் சில தண்ணீருக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. அது எதற்கு என்று கேட்டதற்குப் படகுக்காரர், "சேத்துக்குள்ள காத்து கிடையாதும்மா. அதான் மேல வந்து மூச்சு வாங்குது" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் துணி மாஸ்க்கைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, ஒரு முழு மூச்சு இழுத்தார். விசில் இல்லை. நாலு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மனுஷனோ தான் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்து, "டபுள் தையல், நல்லா தெச்சிக்கீறான்" என்றார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். போகவர டீசல் மூவாயிரத்து அறுநூறு ரூபாய், டோல் தனி. அக்காவின் இன்வெர்ட்டர் ஏழாயிரத்து ஐந்நூறு, லித்தியம் பேட்டரி முப்பதாயிரத்தை ஒட்டி. ஃபியூசிலும் ஒயரிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒயர் முனையைத் திருகிச் சுற்றாமல், அதற்கான முனை போட்டு அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். என்னென்ன சொருகப் போகிறீர்கள் என்று முதலிலேயே வாட்ஸைக் கூட்டிக்கொள்ளுங்கள், இன்வெர்ட்டர் அதைவிடத் தாராளமாகப் பெரியதாக இருக்கட்டும். போல்ட் போட்டு முடுக்குங்கள், பிரேக் அடித்தால் பறக்கும். கேஸ் அடுப்பு, டீசல் கேன், ஆசிட் பேட்டரி பக்கத்தில் வைக்காதீர்கள். சுற்றிலும் நாலு விரல் இடம் காலியாக இருக்கட்டும். போர்வை, பை, துணி எதுவும் மேலே வேண்டாம். பீ என்று கத்தினால் உங்களுக்கு என்னமோ சொல்கிறது, திரும்பத் திரும்பத் தட்டாமல் திறந்து பாருங்கள். மூச்சு மெஷின் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள், பம்பைக் கையிலேயே வைத்திருங்கள், இன்வெர்ட்டர் ஒன்றையே நம்பாதீர்கள். போகிக்கு முதல் நாள் கிளம்புவதாக இருந்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்த பிறகு, அந்த வெல்வெட்டை வெட்டி நீல பம்புக்கு ஒரு சின்னப் பை தைத்தார். ஜரிகை அப்படியே. அதை வேனில் அவர் சீட்டுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். மூட வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு முப்பது வருஷம் ஆனது என்று அக்காவிடம் சொன்னேன்.

நேற்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் வேனுக்குள் ஏறி, டேப்பை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"டெய்லர் தம்பி! எங்க அளக்கறீங்க?"

"ஜன்னலுக்கா. ஜன்னலு மட்டுந்தான்" என்று இரண்டு கையையும் தூக்கினார். "கர்ட்டன் போடலாம்னு. ராமேஸ்வரம் போற வழில வெயிலு ஜாஸ்தியாமே."